வேலைத்தல விபத்தும் நட்டஈட்டு உரிமையும்

குடியியற் கல்வி – தரம் 11
க.பொ.த. (சாதாரண தர) மாணவர்க்கான மீட்டற் பகுதி



தொழிலாளர் உரிமைகள் என்றவுடன் உங்களில் பலர் சம்பளம், விடுமுறை, ஊழியர் சேமலாப நிதி என்று வரிசையாகச் சொல்வீர்கள். வேலை செய்யும்போது கை போனால், கால் முறிந்தால், உயிரே போனால் அந்தக் குடும்பத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். பரீட்சையில் இது சிறு வினாவாக வரலாம். ஆனால் நம் தீவுப் பகுதியில் கட்டட வேலைக்கும் கடலுக்கும் பனைக்கும் போகாத ஆள் இருக்கும் வீடு குறைவு. ஆகவே இப்பாடத்தைப் பரீட்சைக்காக ஒருமுறையும் வீட்டுக்காக ஒருமுறையும் படியுங்கள்.

1. நட்டஈடு என்றால் என்ன?

வேலையின் காரணமாகவும் வேலை நடக்கும்போதும் ஏற்படும் விபத்தினால் வேலையாள் காயமடைந்தாலோ இறந்தாலோ, அதனால் இழக்கும் வருமானத்துக்கு ஈடாக வேலைகொள்வோர் சட்டப்படி செலுத்தவேண்டிய பணமே நட்டஈடு ஆகும்.

இந்த வரைவிலக்கணத்தில் இரண்டு நிபந்தனைகள் உள்ளன. ஒன்று, விபத்து வேலையின் காரணமாக நிகழ்ந்திருக்க வேண்டும். மற்றது, அது வேலையின் போக்கில் நிகழ்ந்திருக்க வேண்டும். விடையில் இரண்டையும் எழுதுங்கள். ஒன்றை மட்டும் எழுதினால் விடை அரைகுறையாகிவிடும்.

கவனிக்குக: நட்டஈடு பிச்சையும் அல்ல, முதலாளியின் தயவும் அல்ல. அது சட்ட உரிமை.

2. வரலாற்றுப் பின்னணி

கைத்தொழிற் புரட்சியின் பின் ஐரோப்பாவில் இயந்திரங்கள் பெருகின; விபத்துக்களும் பெருகின. அக்காலத்தில் காயமடைந்த தொழிலாளி நீதிமன்றம் சென்று, முதலாளியின் கவனயீனமே விபத்துக்குக் காரணம் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. கூட வேலை செய்தவனின் பிழை என்றோ, ஆபத்தை அறிந்துதானே வேலைக்கு வந்தாய் என்றோ முதலாளி தப்பிக்கொள்வார். கை இழந்த ஏழைத் தொழிலாளிக்கு வழக்குப் பேசவும் பணம் இருக்காது.

இந்நிலையை மாற்றப் புதிய கொள்கை ஒன்று பிறந்தது. யாருடைய பிழை என்று தேடாமல், வேலையில் நடந்த விபத்து என்றால் ஈடு கொடுக்கவேண்டும் என்பதே அது. இதனைத் தவறு சாராப் பொறுப்பு என்று கூறலாம்.

முக்கிய ஆண்டுகள்:

1884 – ஜேர்மனியில் விபத்துக் காப்புறுதிச் சட்டம்
1897 – பிரித்தானியாவில் வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டம்
1919 – சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் தோற்றம்
1923 – இந்தியாவில் வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டம்
1934 – இலங்கையில் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம்

இலங்கையின் சட்டம் எந்தக் காலத்தில் வந்தது என்பதை வரலாற்றுப் பாடத்துடன் சேர்த்து நினைவில் வையுங்கள். 1931இல் டொனமூர் யாப்பின் கீழ் சர்வசன வாக்குரிமை கிடைத்தது. தொழிலாளியின் வாக்கும் எண்ணப்படத் தொடங்கிய மூன்று ஆண்டுகளில், அரசாங்க சபையின் காலத்தில் இச்சட்டம் நிறைவேறியது. அப்போது தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சராக இருந்தவர் பெரி சுந்தரம் ஆவார். இவர் சேர். பொன்னம்பலம் அருணாசலம் 1919இல் தொடங்கிய இலங்கைத் தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தில் பணியாற்றியவர். வாக்குரிமைக்கும் தொழிலாளர் சட்டத்துக்கும் உள்ள தொடர்பை விளக்கும்படி கேட்டால் இதனை உதாரணமாக எழுதலாம்.

3. 1934 கட்டளைச் சட்டத்தின் பிரதான ஏற்பாடுகள்

(அ) நட்டஈடு வழங்கும் பொறுப்பு வேலைகொள்வோரையே சாரும். தொழிலாளியின் சம்பளத்திலிருந்து இதற்காகப் பணம் கழிக்கப்படுவதில்லை.

(ஆ) வேலைகொள்வோரின் தொழிலுக்காக அல்லது வியாபாரத்துக்காக வேலை செய்பவரே வேலையாள். வேலை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும் என்பதில்லை. வாய்ச்சொல்லாக இருந்தாலும் போதும். கடிதம் தரவில்லை, ஆகவே உரிமை இல்லை என்று யாரும் கூறமுடியாது.

(இ) ஒருவர் தன் தொழிலுக்குரிய வேலையை இன்னொரு ஒப்பந்தகாரரிடம் கொடுத்து, அந்த ஒப்பந்தகாரரின் ஆள் காயப்பட்டால், வேலையைக் கொடுத்த பிரதான வேலைகொள்வோரும் பொறுப்பாளி ஆவார்.

(ஈ) விபத்துக்கள் மட்டுமன்றி, அட்டவணையிற் குறிப்பிடப்பட்ட தொழில்சார் நோய்களுக்கும் உரிமை உண்டு. ஈய நச்சேற்றம் இதற்கு உதாரணமாகும்.

(உ) நட்டஈடு பெறும் உரிமையை விட்டுக்கொடுப்பதாகவோ குறைத்துக்கொள்வதாகவோ தொழிலாளி செய்யும் ஒப்பந்தம் செல்லாது. தொகை பற்றி இரு பகுதியாரும் இணக்கத்துக்கு வந்தால் அது வேலையாட்கள் நட்டஈட்டு ஆணையாளரிடம் பதிவுசெய்யப்பட வேண்டும்.

(ஊ) தொழிலாளி இறந்தால் நட்டஈட்டை ஆணையாளரிடம் வைப்புச் செய்யவேண்டும். ஆணையாளர் அதனைத் தங்கியிருப்போருக்குப் பகிர்ந்தளிப்பார். மனைவி, பிள்ளைகளின் பங்கை வேறொருவர் வாங்கிக்கொண்டு போகாமல் இருப்பதற்கே இந்த ஏற்பாடு.

(எ) சில சந்தர்ப்பங்களில் காயத்துக்கு நட்டஈடு மறுக்கப்படலாம். மதுபோதையில் இருந்தமை, பாதுகாப்புக் கட்டளையை வேண்டுமென்றே மீறியமை, பாதுகாப்புக் கவசத்தை வேண்டுமென்றே அகற்றியமை என்பன நேரடிக் காரணமாக இருப்பின் இது பொருந்தும். சாதாரண கவனக்குறைவு இதில் அடங்காது. வேண்டுமென்றே என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள்.

4. காயத்தின் வகைகள்

தற்காலிக இயலாமை: குணமாகும் வரை வேலை செய்ய முடியாத நிலை. உதாரணம்: கால் முறிவு. இதற்குச் சம்பளத்தின் ஒரு பகுதி அரைமாதக் கொடுப்பனவாக வழங்கப்படும்.

நிரந்தரப் பகுதி இயலாமை: உழைக்கும் ஆற்றலின் ஒரு பங்கை நிரந்தரமாக இழத்தல். உதாரணம்: விரல் அல்லது ஒரு கண் இழப்பு. இழப்பு நூற்றுவீதத்தில் மதிப்பிடப்பட்டு மொத்தத் தொகையின் அந்தப் பங்கு வழங்கப்படும்.

நிரந்தர முழு இயலாமை: எந்த வேலையும் செய்யமுடியாத நிலை. உதாரணம்: இரு கண்களையும் இழத்தல். மொத்தத் தொகை ஒரே தடவையில் வழங்கப்படும்.

மரணம்: தங்கியிருப்போருக்கு மொத்தத் தொகை வழங்கப்படும்.

மொத்தத் தொகை சம்பளத்தைப் பொறுத்து மாறும். அதற்கு ஓர் உச்ச எல்லையும் உண்டு. 2005ஆம் ஆண்டின் திருத்தத்தின்படி உச்சத் தொகை 550,000 ரூபா ஆகும். 2022ஆம் ஆண்டின் திருத்தம் இதனை 2,000,000 ரூபா ஆக உயர்த்தியது. அதே திருத்தம் வீட்டிலிருந்து வேலைக்குச் செல்லும்போதும் வேலை முடிந்து வீடு திரும்பும்போதும் நடக்கும் விபத்துக்களையும் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. பழைய கையேடுகளில் 550,000 என்றே இருக்கும். திருத்தி எழுதிக்கொள்ளுங்கள்.

5. நம் ஊரில் யார் யாருக்கு இது பொருந்தும்?

பின்வரும் நால்வரைப் பாருங்கள். பெயர்களைத் தவிர்த்து, தொழிலை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

முதலாமவர் கட்டட ஒப்பந்தகாரரிடம் நாட்சம்பளத்துக்கு வேலை செய்யும் மேசன் உதவியாள். சாரம் சரிந்து விழுகின்றார். ஒப்பந்தகாரரின் தொழிலுக்காகவே இவர் வேலை செய்கின்றார். நாட்சம்பளம் என்பதால் உரிமை போகாது. சட்டம் பொருந்தும்.

இரண்டாமவர் வேலணையிலிருந்து மோட்டார் சைக்கிளில் யாழ்ப்பாண நகரக் கடை ஒன்றுக்கு வேலைக்குப் போகின்றவர். காலையில் பண்ணைப் பாலத்தில் விபத்து நடக்கின்றது. 2022இன் திருத்தத்துக்குப் பின் இவருக்கும் சட்டம் பொருந்தும்.

மூன்றாமவர் சம்மாட்டி ஒருவரின் படகில் பங்குக்குத் தொழில் செய்பவர். சம்பளம் இல்லை, பிடிபட்ட மீனில் பங்கு. இவர் வேலையாளா, தொழிற் பங்காளியா? இங்கேதான் வாதம் வரும். யார் கட்டளையிடுகின்றார், யாருக்காகத் தொழில் நடக்கின்றது என்பவற்றை ஆராய்ந்தே தீர்மானிக்க வேண்டும். விடையில் "நிச்சயம் கிடைக்கும்", "நிச்சயம் கிடைக்காது" என்று எழுதாமல் காரணத்துடன் எழுதுங்கள்.

நான்காமவர் தானே பனை ஏறிச் சீவிக் கள்ளைக் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கொடுப்பவர். இவர் சுயதொழில் செய்பவர். இவருக்கு வேலைகொள்வோர் என்று ஒருவர் இல்லை. பனையிலிருந்து விழுந்தால் இந்தக் கட்டளைச் சட்டத்தின் கீழ்க் கோருவதற்கு ஆள் இல்லை. வீட்டுக்காரர் ஒருவர் ஒருநாள் மட்டும் ஓலை வெட்டக் கூப்பிட்ட ஆளின் நிலையும் ஏறக்குறைய இதுவே. வீட்டுக்காரர் அதனைத் தொழிலாகவோ வியாபாரமாகவோ செய்யவில்லை.

ஆகவே ஒரே உயரத்திலிருந்து விழுந்த இருவரில் சாரத்திலிருந்து விழுந்தவருக்கு உரிமை உண்டு, பனையிலிருந்து விழுந்தவருக்கு இல்லை. எலும்பு இருவருக்கும் ஒன்றுபோலவே முறிகின்றது. சட்டத்தின் எல்லை எங்கே முடிகின்றது என்பதை இந்த உதாரணம் நன்கு காட்டும்.

6. ஒரு சம்பவம்

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் படித்த மாணவன் ஒருவன் சாதாரண தரப் பரீட்சை எழுதிய கையோடு கட்டட வேலைக்குப் போனான். இரண்டாம் மாடியில் பூச்சு வேலை. சாரப் பலகை நழுவி விழுந்தான். இடுப்பும் ஒரு காலும் பாதிக்கப்பட்டன. ஒப்பந்தகாரர் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். வாகனம் பிடித்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார், இரண்டு தடவை வந்து பார்த்தார். மூன்றாவது தடவை இருபத்தையாயிரம் ரூபாவும் ஒரு கடிதமும் கொண்டுவந்தார். "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று அதில் எழுதியிருந்தது.

அவனுடைய தாயார் அந்தக் கடிதத்தை என்னிடம் கொண்டுவந்தார். "சேர், இதில என்ன எழுதியிருக்கு, கையெழுத்து வைக்கலாமோ?" என்று கேட்டார். நான் வாசித்துக் காட்டினேன். பணம் தருகிறார்கள், வைக்கிறதில் பிழை இல்லை என்றும் சொன்னேன். வகுப்பில் 1934ஆம் ஆண்டையும் 19ஆம் இலக்கத்தையும் பாடமாக்க வைத்தவன் நான்தான். ஆனால் உரிமையை விட்டுக்கொடுக்கும் கடிதம் செல்லாது என்பது அன்று எனக்குத் தெரியாது. பின்னர் சட்டத்தை வாசித்து அறிந்துகொண்டு அவர்களிடம் போனபோது, வைத்தியசாலைத் துண்டுகள் பாதி தொலைந்துபோயிருந்தன. ஒப்பந்தகாரரும் வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டார். அந்தப் பிள்ளை இப்போது நடக்கின்றான். பாரம் தூக்கமாட்டான்.

இந்தப் பாடத்தை இவ்வளவு விரிவாக எழுதுவதற்கு இதுவே காரணம்.

7. விபத்து நடந்தால் செய்யவேண்டியவை

1. முதலில் சிகிச்சை. வைத்தியசாலையில் சேர்க்கும்போதே காயம் வேலை செய்யும் இடத்தில் ஏற்பட்டது என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். "வீட்டில விழுந்ததெண்டு சொல்லுங்கோ" என்று யாராவது கேட்டால் இணங்கக்கூடாது. அந்த ஒரு பொய் பின்னர் உரிமையை முழுதாக அழித்துவிடக்கூடும்.

2. வேலைகொள்வோருக்கு இயன்றளவு விரைவில் எழுத்தில் அறிவிக்க வேண்டும். திகதி, நேரம், இடம், எப்படி நடந்தது, பார்த்தவர்கள் யார் என்பன அதில் இருக்கவேண்டும். ஒரு பிரதியை வைத்துக்கொள்ள வேண்டும்.

3. வைத்தியசாலைத் துண்டுகள், எக்ஸ்றே படங்கள், மருந்துச் சிட்டைகள் அனைத்தையும் ஒரு கோப்பில் வைக்கவேண்டும்.

4. சம்பளம் எவ்வளவு என்பதற்கு ஆதாரம் தேவை. சம்பளச் சிட்டை இல்லாவிட்டால் நாட்கூலி எழுதிய கொப்பி, வங்கிப் பதிவு, உடன் வேலை செய்தவரின் சாட்சியம் உதவும்.

5. உரிமையைக் கைவிடும் எந்தக் கடிதத்திலும் கையெழுத்து வைக்கக்கூடாது. உதவிப் பணம் வாங்கினால், எவ்வளவு வாங்கியது என்று மட்டும் எழுதிக்கொடுக்கலாம்.

6. வேலையாட்கள் நட்டஈட்டு ஆணையாளருக்கு விண்ணப்பிக்க வேண்டும். இதற்கான வழிகாட்டலை யாழ்ப்பாணத்திலுள்ள தொழில் அலுவலகத்தில் கேட்கலாம். வசதி குறைந்தோர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

7. கோரிக்கைக்குக் காலவரையறை உண்டு. ஆகவே பிந்தக்கூடாது. எனினும் போதிய காரணம் இருந்தால் பிந்திய கோரிக்கையையும் ஆணையாளர் ஏற்றுக்கொள்ளலாம். காலம் போய்விட்டது என்று நாமே முடிவெடுத்துவிடக்கூடாது.

8. இன்றைய முறையின் குறைபாடுகள்

(அ) ஒரே தடவைக் கொடுப்பனவு

ஒரு சிறு கணக்கைச் செய்து பார்ப்போம். 25 வயதில் ஒருவர் நிரந்தர முழு இயலாமை அடைகின்றார் என்று கொள்வோம். 60 வயது வரை 35 ஆண்டுகள், அதாவது 420 மாதங்கள்.

பழைய உச்சத் தொகை: 550,000 ÷ 420 = ஏறக்குறைய 1,310 ரூபா
புதிய உச்சத் தொகை: 2,000,000 ÷ 420 = ஏறக்குறைய 4,762 ரூபா

உச்சத் தொகையே கிடைத்தாலும் மாதத்துக்கு வருவது இவ்வளவுதான். இதனுடன் இரண்டு விடயங்களையும் சேர்த்துப் பாருங்கள். விலைவாசி ஒவ்வோர் ஆண்டும் ஏறுகின்றது. மொத்தமாக வந்த பணம் கடன், வீட்டுத் திருத்தம், தங்கையின் திருமணம் என்று ஓரிரு ஆண்டுகளில் கரைந்துவிடும். ஓய்வூதியம் போல மாதாமாதம் கிடைத்தால் இந்நிலை ஏற்படாது.

(ஆ) தொகை நீண்டகாலம் மாறாதிருத்தல்

2005க்கும் 2022க்கும் இடையில் 17 ஆண்டுகள் உச்சத் தொகை அப்படியே இருந்தது. அரிசி விலையும் சீமெந்து விலையும் அப்படி நிற்கவில்லை.

(இ) தனி ஒரு வேலைகொள்வோர் மீது பொறுப்பு

பெரிய நிறுவனங்கள் காப்புறுதி எடுத்து வைத்திருக்கும். நாலு பேரை வைத்து வேலை செய்யும் சிறு ஒப்பந்தகாரரிடம் இருபது இலட்சம் கேட்டால் அவரிடமும் இருக்காது. உரிமை கடதாசியில் இருந்தும் பணம் வராத நிலை ஏற்படுகின்றது.

(ஈ) பராமரிப்புக் குறைவு

நமது நாட்டில் அரச வைத்தியசாலைச் சிகிச்சை இலவசம். இது பெரிய பலம். ஆனால் சத்திரசிகிச்சை முடிந்து வீட்டுக்கு அனுப்பிய பின்தான் நீண்ட சிரமம் தொடங்குகின்றது. இயன்மருத்துவம், செயற்கை உறுப்பு, புதிய தொழிற்பயிற்சி என்பன நட்டஈட்டுடன் இணைக்கப்படவில்லை. யாழ்ப்பாணத்தில் செயற்கைக் கால் செய்து கொடுக்கும் ஜெய்ப்பூர் நிலையம் போன்ற சேவை அமைப்புக்கள் இக்குறையை ஓரளவு நிரப்புகின்றன. நெடுந்தீவு நோயாளி ஒருவர் ஒவ்வொரு தடவையும் குறிகட்டுவானுக்குப் படகேறி வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து யாழ்ப்பாணம் போக வேண்டும். முறிந்த காலுடன் இது எத்தனை தடவை முடியும்?

(உ) சுயதொழிலாளர் விடுபடுதல்

நாம் ஏற்கனவே பார்த்த நான்காமவரின் நிலை இது. கமக்காரருக்கு 1987இன் 12ஆம் இலக்கச் சட்டமும், மீனவருக்கு 1990இன் 23ஆம் இலக்கச் சட்டமும் ஓய்வூதிய, சமூகப் பாதுகாப்புத் திட்டங்களை ஏற்படுத்தின. ஏனைய சுயதொழிலாளருக்காக 1996இன் 17ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் சமூகப் பாதுகாப்புச் சபை உருவானது. இவை நல்ல முயற்சிகள். ஆனால் தாமாகச் சேர்ந்து பணம் கட்டியோருக்கே பயன் கிடைக்கும். நாளாந்தம் உழைத்து உண்பவர் தவணைப்பணத்தைத் தவறவிடுவது இயல்பு.

9. மேம்படுத்தும் வழிகள்: பிற நாடுகளின் அனுபவம்

இந்தியா: 1948இன் தொழிலாளர் அரச காப்புறுதிச் சட்டம் வேறொரு வழியைத் திறந்தது. வேலைகொள்வோரும் தொழிலாளரும் மாதாமாதம் ஒரு பொது நிதிக்குப் பணம் செலுத்துவர். விபத்து நடந்தால் தனி முதலாளியிடம் கையேந்தாமல் அந்த நிதியிலிருந்து கொடுப்பனவு கிடைக்கும். தற்காலிக இயலாமைக்குச் சம்பளத்தின் 90 வீதம் வழங்கும் ஏற்பாடும், தொழிலாளர்க்கெனத் தனி வைத்தியசாலைகளும் இம்முறையில் உருவாயின. இதனைச் சமூகக் காப்புறுதி முறை என்பர். அங்கும் முறைசாராத் தொழிலாளர் பெருமளவில் வெளியே நின்றனர் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பங்களாதேஷ்: 2013 ஏப்ரல் 24ஆந் திகதி டாக்காவுக்கு அருகே ராணா பிளாசா என்ற கட்டடம் இடிந்தது. அதில் இயங்கிய ஆடைத் தொழிற்சாலைகளின் தொழிலாளர் 1,134 பேர் இறந்தனர். அந்நாட்டுச் சட்டப்படி அப்போது ஒரு மரணத்துக்குரிய நட்டஈடு 100,000 டாக்கா மட்டுமே. இத்தொகை போதாது என்று உலகம் முழுவதும் குரல் எழுந்தது. சர்வதேசத் தொழில் ஸ்தாபனத்தின் 121ஆம் இலக்கச் சமவாயத்தின் அடிப்படையில், இறந்தவர் உயிரோடு இருந்திருந்தால் உழைத்திருக்கக்கூடிய வருமானத்தைக் கணக்கிட்டு, ஏறக்குறைய 3 கோடி அமெரிக்க டொலர் நிதி சேர்க்கப்பட்டது. 2022இல் ஆடைத் தொழிலாளருக்கான தொழிற்காயக் காப்புறுதி முன்னோடித் திட்டமும் ஆரம்பிக்கப்பட்டது.

ஆயிரம் பேர் இறந்த பின்னரே அங்கு மாற்றம் வந்தது. ஒருவர் ஒருவராக விழுந்து முடமாகும் இடங்களில் செய்தியும் வருவதில்லை, மாற்றமும் வருவதில்லை.

இவற்றிலிருந்து நாம் முன்வைக்கக்கூடிய ஆலோசனைகள்:

1. வேலைகொள்வோர் அனைவரும் பங்களிக்கும் தேசிய தொழில் விபத்துக் காப்புறுதி நிதியை உருவாக்குதல்.
2. நிரந்தர இயலாமைக்கும் மரணத்துக்கும் மாதாந்தக் கொடுப்பனவை அறிமுகஞ்செய்தல்.
3. தொகையை வாழ்க்கைச் செலவுக்கேற்ப ஒழுங்காக மீளாய்வு செய்தல்.
4. சிகிச்சை, இயன்மருத்துவம், செயற்கை உறுப்பு, தொழிற்பயிற்சி என்பவற்றை நட்டஈட்டுடன் இணைத்தல்.
5. சீவல் தொழிலாளர், மீனவர் போன்றோரைக் கூட்டுறவுச் சங்கங்கள் ஊடாகக் காப்புறுதியிற் சேர்த்தல். சங்கத்துக்கு வரும் ஒவ்வொரு போத்தல் கள்ளிலும் சிறு தொகையை ஒதுக்கினால் தவணை தவறாது.
6. தீவகப் பிரதேச செயலகங்களில் மாதம் ஒருநாள் நட்டஈட்டு ஆலோசனைச் சேவை நடத்துதல்.
7. விபத்தைத் தடுத்தல். 1942இன் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இயந்திரங்களுக்கு வேலியிடல் முதலிய பாதுகாப்பு ஏற்பாடுகளை வலியுறுத்துகின்றது. தலைக்கவசம், பாதுகாப்புப் பட்டி, உறுதியான சாரம் என்பன நட்டஈட்டை விட மலிவானவை.

சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 2022இல் பாதுகாப்பான, ஆரோக்கியமான வேலைச்சூழலை அடிப்படைத் தொழில் உரிமைகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. ஆண்டுதோறும் ஏப்ரல் 28 உலக வேலைத்தலப் பாதுகாப்பு, சுகாதார தினமாகும்.

10. மாதிரி வினாவும் விடையும்

வினா: கட்டட வேலையின்போது காயமடைந்த தொழிலாளி ஒருவரிடம், "உனது கவனக்குறைவினாலேயே விழுந்தாய், ஆகவே நட்டஈடு இல்லை" என்று வேலைகொள்வோர் கூறுகின்றார். இக்கூற்றை ஆராய்க.

விடை: வேலைகொள்வோரின் கூற்று சட்டத்துக்குப் பொருந்தாது. 1934இன் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் தவறு சாராப் பொறுப்பை அடிப்படையாகக் கொண்டது. விபத்து வேலையின் காரணமாகவும் வேலையின் போக்கிலும் ஏற்பட்டிருந்தால் போதுமானது. சாதாரண கவனக்குறைவு உரிமையை இல்லாமற் செய்யாது. மதுபோதை, பாதுகாப்புக் கட்டளையை வேண்டுமென்றே மீறல், பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே அகற்றல் என்பன நேரடிக் காரணமாயின் மட்டுமே காயத்துக்கான நட்டஈடு மறுக்கப்படலாம். எனவே இத்தொழிலாளி வேலைகொள்வோருக்கு எழுத்தில் அறிவித்து, வைத்திய ஆதாரங்களுடன் ஆணையாளருக்கு விண்ணப்பிக்கலாம்.

விடை எழுதும் முறை: முதலில் முடிவு, அடுத்து சட்டத்தின் பெயரும் ஆண்டும், பின் கொள்கை, அதன்பின் விதிவிலக்கு, இறுதியில் நடவடிக்கை. இந்த ஒழுங்கைப் பின்பற்றினால் எந்த ஒரு புள்ளியும் விடுபடாது.

11. பயிற்சி வினாக்கள்

சரியான விடையைத் தெரிவுசெய்க.

(1) இலங்கையின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் நிறைவேறிய ஆண்டு
1. 1919   2. 1923   3. 1934   4. 1942

(2) நட்டஈடு வழங்கும் பொறுப்பு யாருடையது?
1. தொழிற்சங்கம்   2. வேலைகொள்வோர்   3. கிராம அலுவலர்   4. வைத்தியசாலை

(3) 2022இன் திருத்தத்தின்படி உச்ச நட்டஈட்டுத் தொகை
1. 550,000 ரூபா   2. 1,000,000 ரூபா   3. 2,000,000 ரூபா   4. 5,000,000 ரூபா

(4) பின்வருவோருள் இச்சட்டத்தின் கீழ் உரிமை கோர முடியாதவர்
1. நாட்சம்பள மேசன் உதவியாள்   2. வேலைக்குச் செல்லும் வழியில் காயமடைந்த கடை ஊழியர்   3. எழுத்து ஒப்பந்தம் இல்லாத தொழிற்சாலை ஊழியர்   4. தானாகப் பனை ஏறித் தொழில் செய்பவர்

சுருக்கமான விடை தருக.

(5) தற்காலிக இயலாமைக்கும் நிரந்தரப் பகுதி இயலாமைக்கும் உள்ள வேறுபாட்டை உதாரணத்துடன் விளக்குக.
(6) மரண நட்டஈடு ஆணையாளரிடம் வைப்புச் செய்யப்படுவதன் நோக்கம் யாது?
(7) ஒரே தடவைக் கொடுப்பனவை விட மாதாந்தக் கொடுப்பனவு சிறந்தது என்பதற்கு இரண்டு காரணங்கள் தருக.
(8) உமது பிரதேசத்தில் சுயதொழில் செய்யும் ஒரு பிரிவினரைத் தெரிவுசெய்து, அவர்களுக்கான விபத்துப் பாதுகாப்புத் திட்டம் ஒன்றை முன்மொழிக.

தெரிவு விடைகள்: (1) 3   (2) 2   (3) 3   (4) 4

வீட்டு வேலை: உங்கள் வீட்டில் அல்லது அயலில் வேலைக்குப் போகும் ஒருவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். வேலை கொடுப்பவரின் முழுப்பெயரும் முகவரியும் தெரியுமா? சம்பளம் எங்காவது எழுதப்படுகின்றதா? விபத்து நடந்தால் எங்கே போய்ச் சொல்வீர்கள்? விடைகளைக் கொப்பியில் எழுதி அடுத்த வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். மூன்றுக்கும் விடை இல்லையென்றால், இந்தப் பாடத்தின் ஏழாம் பகுதியை அவருக்கு ஒருமுறை வாசித்துக் காட்டிவிட்டு வாருங்கள்.